எலுமிச்சம்பழம் வைத்த இடம்

மலையடிவாரம், போளூர் வழி
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் அசோக்குமாருக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அப்பாவும் மாடுகளும் சுகமாக இருக்கிறோம், தோஹாவில் நீயும் உன்னோடு ரூமில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகளும் அந்த வெயிலைத் தாங்கி நல்லபடியாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் பெண்டாட்டி வெண்ணிலாவின் சுகத்தை மட்டும் நான் எழுத முடியாது, அதை நீதான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் பேசினால் நீ என்னை முழுசாகப் பேச விடுவதில்லை, சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து சின்னதாக இருந்தால் பெரிதாக்கிப் படி. அங்கிருந்தே தரையில் இருந்த கறையைப் பெரிதாக்கிப் பார்த்தவனுக்கு அம்மா எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாதா.

மலைமேல் நல்ல மழை, சாமை விதைத்துவிட்டார்களாம். கீழே நமக்குத் தூறலோடு சரி, காற்றுதான் மண்ணை வாரிக்கொண்டு வந்து கூடத்தில் கொட்டுகிறது. கூழ் ஊற்றுகிற அன்றைக்கு உன் முனியம்மா அத்தை மலையிலிருந்து புளியும் தேனும் எடுத்துக்கொண்டு வந்து, வாசற்படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாருங்கள் என்றால், காலெல்லாம் சேறாக இருக்கிறது, போன தடவை உள்ளே வந்தபோது உங்கள் வீட்டுச் சுவர் திட்டியது என்கிறார். கூடத்தில் நீ மாட்டச் சொன்ன கேமராவிலிருந்து, செருப்பைக் கழற்றினால் போதாது காலையும் கழுவுங்கள் என்று நீ பேசினாயே, அதை அவர் மறக்கவில்லை. உன் அப்பா வயலிலிருந்து வந்தால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைகிறார். கேட்டால் அதுதான் கிட்ட என்கிறார். அது கிட்ட இல்லை என்று உனக்கும் தெரியும்.

அன்றைக்கு நடந்ததை நீ கேமராவில் பார்த்தாய், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெருப் பெண்கள் கூழ் வாங்க வந்து கூடத்தில் நிற்கிறார்கள், வெண்ணிலா சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருக்கிறாள், ஜன்னல் வெயில் சாய்ந்து விழுந்ததில் பளிங்குத் தரையில் இருந்த மங்கல் வட்டங்கள் உன் கண்ணில் பட்டுவிட்டன. உடனே சுவரிலிருந்து உன் குரல் கேட்டது. "இன்னா வெண்ணிலா, பாத்ரூம் ஆசிட்ட ஊத்திட்டியா? உங்கம்மா வூட்ல சிமெண்டுத் தரைதானே, பளிங்கு இன்னான்னு உனக்கு எங்க தெரியும்?" கூழ் வாங்கிக்கொண்டிருந்த ராஜேஸ்வரி சொம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வெண்ணிலா எல்லோருக்கும் ஊற்றி முடித்தாள், அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள், சிந்தியதைத் துடைத்தாள். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு தாய்வீடு போகக் கண்ணமங்கலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நான் கையைப் பிடித்தேன். "தரைக்குத் தர்ற மதிப்பு எனக்கு இல்லியே அத்த. நான் இங்க வாழ வந்தனா, தொடைக்க வந்தனா?" என்றாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் போன பிறகு, கல் பதித்துக் கொடுத்த குணசீலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, கூடத்தின் நாலு மூலை, சாமி படத்துக்கு முன்னால். வட்டம் விழுந்த இடமெல்லாம் இவைதான். ஊர்க் கண்ணெல்லாம் நம் வீட்டின் மேல்தான் இருக்கிறது, அமாவாசை தவறாமல் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வையுங்கள் என்று சொன்னது யார்? வைத்தாளா என்று கேமராவில் எண்ணிப் பார்த்தது யார்? வீட்டின் பின்னால் கிடந்த மிச்சக் கல்லில் குணசீலன் ஒரு பழத்தைப் பிழிந்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்து துடைத்துக் காட்டினார், அதே மங்கல், அதே சொரசொரப்பு. "இதுவும் சுண்ணாம்பு சாதிதாம்மா, புளிப்புப் பட்டா மேல் பாலீஷ தின்னுடும். கல்லப் போட்ட அன்னிக்கே சொல்லாம வுட்டுட்டேன்" என்றார். இன்னொன்றும் உண்டு. குங்குமக் கறை போகவில்லை என்று அவள் தவித்தபோது, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய் என்று சொன்னது நான்தான். அவள் தயங்கினாள், நான் சொன்னதற்காகத் தேய்த்தாள். ஆக, கறையில் பாதி உன்னால், பாதி என்னால். ஆசிட் பாட்டிலை அவள் தொடவே இல்லை.

தரையைப் பற்றி நீ கவலைப்படாதே, குணசீலன் மெஷின் வைத்துத் தேய்த்தால் பழையபடி மினுமினுப்பு வந்துவிடுமாம், அதன் மேல் கறை இறங்காமல் ஒரு பூச்சும் பூசித் தருகிறாராம். மற்றபடி பளிங்குக்கு எலுமிச்சை, புளி, வினிகர், பிளீச்சிங் பவுடர் எதுவும் ஆகாது. காற்றில் வருகிற மண்தான் பெரிய எதிரி, நடக்க நடக்கக் கல்லைக் கீறிவிடும், அதனால் முதலில் காய்ந்த துணியால் மண்ணைத் தள்ளி எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரிலோ ரெண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரிலோ துடைத்து, ஈரம் நிற்காமல் இன்னொரு துணியால் ஒற்ற வேண்டும். மஞ்சளோ எண்ணெயோ சிந்தினால் அப்போதே எடுத்துவிட வேண்டும். வாசலில் தடிமனாக ஒரு மிதியடி போட்டாலே பாதி வேலை மிச்சம். சமையலறையில் இருப்பது டைல்ஸ், அது எதையும் தாங்கும், இடுக்கில் பிடித்த அழுக்குக்கு மட்டும் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். இவ்வளவுதான் சங்கதி, இதற்குக் கேமரா தேவையில்லை.

அசோக்கு, உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அந்தத் தரை உனக்கு எவ்வளவு பெரிது என்பதும் எனக்குத் தெரியும். ரூமில் ஆளுக்கு ஒரு கட்டில், கட்டிலுக்குக் கீழே உள்ள இடத்தில்தான் பெட்டி, செருப்பு, துணி எல்லாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வேலை முடிந்து வந்து அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் நம் கூடத்தைப் பார்க்கிறாய். உனக்கென்று இருக்கிற ஒரே தரை அது. அதில் ஒரு புள்ளி விழுந்தாலும் உனக்குச் சுருக்கென்று இருக்கும், பெற்றவளுக்கு அது புரியாதா? ஆனால் நீ பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பெண்ணும் நின்றாள். இத்தனை மாதத்தில் அவளிடம் எத்தனை தரம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாய், எத்தனை தரம் துடைத்தாயா என்று கேட்டிருக்கிறாய், நீயே யோசித்துப் பார். புதன்கிழமை நான் கண்ணமங்கலம் போய் வந்தேன். அங்கே நல்ல மழை, சேற்றுக் காலோடு உள்ளே போனேன், யாரும் என் காலைப் பார்க்கவில்லை. அந்தச் சிமெண்டுத் தரையில் பாய்கூட விரிக்காமல் மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். வெண்ணிலா இளைத்துவிட்டாள். அவள் அப்பா என்னை மரியாதையாகத்தான் நடத்தினார், ஆனால் பஸ் ஏற்றிவிட வந்தபோது, இனி பெண்ணை அனுப்புவதா வேண்டாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

அதனால் நீ அவளைக் கூப்பிடு. ஊர்ப் பெண்கள் முன்னால் கேட்கும்படி பேசினாய் அல்லவா, இதையும் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவள் அப்பா அம்மா காதில் விழும்படி பேசு. எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னது நான், உன் மேல் தப்பில்லை, சிமெண்டுத் தரை என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு என்று சொல். மன்னித்துவிடு என்று சொல்ல நா எழவில்லை என்றால் சாப்பிட்டாயா என்று முதலில் கேள், மீதி தானாக வரும். நீ தூரத்தில் இருந்தாலும் உன் குடும்பம் உன்னை விட்டுத் தூரமாகப் போய்விடக் கூடாது, அந்த மலைமேல் இருக்கிற சாமியும் கீழே இருக்கிற அம்மனும் உனக்கு நல்ல புத்தியும் உடம்புக்குச் சுகமும் கொடுக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் நீ பேசவில்லை என்றால், உன் அப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு முனியம்மா அத்தை வீட்டுக்கு மலையேறிவிடுவார், நான் கண்ணமங்கலத்தில் என் மருமகளோடு இருந்துகொள்வேன். போவதற்கு முன் தரையை நன்றாகத் துடைத்துவிட்டு வீட்டைப் பூட்டுகிறேன். அப்புறம் அதன்மேல் யார் காலும் படாது, நீ எப்போது பார்த்தாலும் சுத்தமாகவே இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
திரௌபதி