வழியில் திறக்காத கார்புரேட்டர்

என்றும் என் மனதில் இருக்கிற ஜெனிட்டா அப்பாவுக்கு,

அரியலூரில் சலீம் பாய் பட்டறையில் உங்கள் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள்: நான், நம் மகள் ஜெனிட்டா, உங்கள் தம்பி அந்தோணி, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு சலீம் பாய். வேறு யாரும் இல்லை. டீ கொண்டுவந்த பெண் கிளாஸை வைத்துவிட்டுப் போன பிறகுதான் திறந்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து, நானும் கூட இருந்தேன், எனக்கும் தெரியும் என்று கதை கட்டக் கூடாது பாருங்கள்.

நீங்கள் கண் மூடியதிலிருந்து வண்டி பழைய போர்வைக்குள் நின்றது. அந்தோணி மூன்று ஞாயிறாகப் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்தார். வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் போர்வையைப் பார்ப்பார். "சும்மா நின்னா துருதான் பிடிக்கும் அண்ணி. எங்கிட்ட குடுத்துடுங்க, அண்ணன் ஞாபகமா வச்சுக்கிறேன்" என்றார். ஞாபகம் வைத்துக்கொள்ள மனசு போதாதா, வண்டி எதற்கு? ஆனாலும், ஓடுகிறதா என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

ஜெனிட்டாதான் எடுத்தாள். நீங்கள் ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி, அவள் உதைக்குக் கிளம்பத்தான் செய்தது. ஆனால் தெருமுனை தாண்டுவதற்குள் சைலன்சரில் பட் பட்டென்று வெடிச் சத்தம். இழுவை இல்லை. திரும்பி வந்தபோது இன்ஜின் அருகே கால் வைக்க முடியாத சூடு. உங்கள் கையில் இருந்தவரை அந்த வண்டி அப்படிச் சத்தம் போட்டதே இல்லை.

பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது, நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிடுவார்கள் என்று சொன்னவர் நீங்கள்தான். அதனால் முந்தின நாளே ஜெனிட்டாவின் நகச்சாயத்தை எடுத்துக் கார்புரேட்டரின் அடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். பட்டறையில் முக்காலி கேட்டு வாங்கி, வண்டிக்கு எதிரே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். கண் மட்டும் அவர் கையை விட்டு நகரவில்லை.

"என்னக்கா, எனக்கு மாதாவக் காவல் போட்டுட்டீங்களா?" என்றார் சலீம் பாய்.

"மாதா பாக்குறது இருக்கட்டும் பாய். நானும் பாக்குறேன்."

"பாருங்க, நல்லாப் பாருங்க. அடியில வச்ச பொட்டையும் பாத்துட்டேன். செவப்பு நல்லாருக்கு."

ஜெனிட்டா தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அந்தோணி சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளேயிருந்து பித்தளையில் ஒரு சின்னத் துண்டைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் சலீம் பாய். ஜெட் என்றார். அதன் நடுவில் இருக்கிற ஊசித்துளை வழியாகத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிறதாம். பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"அக்கா, இது இந்த வண்டியோட ஜெட் இல்ல. தொள சின்னது. மலைக்குப் போடுறது."

"மலைக்கா? எந்த மலைக்கு?"

"மேல போகப் போகக் காத்து லேசாயிடும்ல. அதே அளவு பெட்ரோல் வந்தா வண்டி மூச்சு முட்டும், கரும்புகை கக்கும். அதுக்காகத் தொளயைச் சின்னதா வப்பாங்க. இதையே இங்க கீழ ஓட்டுனா பெட்ரோல் பத்தாது. அதான் வெடிக்குது, சூடாவுது."

முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். நம் ஜெட்டை எடுத்து ஒளித்துக்கொண்டு கதை சொல்கிறாரோ என்று மேசைக்கு அடியிலெல்லாம் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினார், சட்டைப் பையையும் உதறிக் காட்டினார். பிறகு அந்தோணி மெதுவாகச் சொன்னார், "அரும்பாவூர் போறேன் போறேன்னு அண்ணன் போவாரே, கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்ட. அப்படியே பச்சமலை ஏறிட்டு வந்திருப்பாரு. அங்க என்ன சோலியோ."

நீங்கள் காயில் கட்டப் போன தோட்டங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். எந்த ஊர், யார் கிணறு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். அதெல்லாம் பொய்யா? செத்துப்போன மனிதரைப் பற்றி இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். தெரிந்துதான் நினைத்தேன்.

"பச்சமலைக்கு இது வேணாம். ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி வச்சாலே போதும்" என்றார் சலீம் பாய். "இது ஏற்காடு, கொடைக்கானல் ஒசரத்துக்கு. ஆனா அண்ணன் போகல. பித்தளை பாருங்க, புதுசாப் பளபளன்னு இருக்கு. மாட்டிருக்காரு, அவ்வளவுதான்."

போகவில்லை, போக இருந்தீர்கள். அது எனக்கு எந்த வகையில் ஆறுதல்?

"பாய், உங்ககிட்டதானே வாங்குனாரு? உண்மையச் சொல்லுங்க."

"அல்லா சத்தியமா இல்லக்கா. திருச்சியில வாங்கிருப்பாரு."

அவ்வளவு வேகமாகச் சத்தியம் செய்தது எதற்காக என்று இன்னமும் யோசிக்கிறேன்.

அதன் பிறகு வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். உங்கள் பழைய கைலித் துணியில் சுற்றி, கீழே ஓட்டுகிற ஊர் ஜெட் பத்திரமாக இருந்தது. அதன் மேலேயே ஒரு பொட்டலம், வெயிலில் உருகி ஸ்பானரோடு ஒட்டிக்கொண்டு. ஜெனிட்டா முகர்ந்து பார்த்துவிட்டு, "இஞ்சி மரப்பாம்மா" என்றாள்.

இஞ்சி வாசம் உங்களுக்கு ஆகாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நான் வாங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். பின்னே யாருக்கு?

"அண்ணிக்குத் தெரியாம அண்ணன் ஹனிமூனுக்குத் திட்டம் போட்டிருக்காரு போல" என்று அந்தோணி இழுத்தார்.

"சித்தப்பா, வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று மகள் சீறினாள். பிறகு என்னிடம், "அம்மா, உனக்குத்தான் வளைவுன்னா வாந்தி வரும். உனக்காகத்தாம்மா வாங்கிருக்காரு."

"ஏன்டி, ஊர் உலகத்துல வாந்தி எடுக்குற பொம்பள நான் ஒருத்திதானா?"

அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது. மலை என்றாலே மாட்டேன் என்று சொல்கிறவள் நான். அது தெரிந்த மனிதர் என்னை நினைத்தா ஜெட் வாங்குவார்?

சலீம் பாய்தான் தன்னை அறியாமல் வேறு ஒன்றைச் சொன்னார். "ஒண்ணுதான்க்கா எனக்கு வெளங்கல. கொடைக்கானல் போறதுன்னா வத்தலக்குண்டு வரைக்கும் ஊர் ஜெட்டுல போவணும். அடிவாரத்துல ஓரங்கட்டி மாத்திக்கணும். சின்ன வேலதான். இங்கேருந்தே மலை ஜெட்ட மாட்டிக்கிட்டுப் போனா பாதி வழியில இன்ஜின் கொதிச்சுடும். அண்ணனுக்கு இது தெரியாதா? ஏன் இப்படித் தப்புப் பண்ணாருன்னு தெரியல."

ஜெபமாலை என் கையில் நின்றுவிட்டது.

உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். திருமானூர் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் வண்டி நின்றது. நீங்கள் ரோட்டோரம் உட்கார்ந்து எதையோ கழற்றினீர்கள். வழியில் வண்டியைப் பிரித்துவிட்டால் அந்தப் பயணம் வேண்டாம், திருப்புங்கள் வீட்டுக்கு என்றேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தீர்கள். திருப்ப வைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை, கடவுள் காட்டுகிற குறிப்பை மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அன்றிலிருந்து நான் பின்னால் இருக்கும்போது வழியில் ஒரு ஸ்க்ரூவைக்கூட நீங்கள் தொட்டதில்லை.

வேறு யாராவது பின்னால் உட்காருவதாக இருந்தால், வத்தலக்குண்டில் நிதானமாக ஓரங்கட்டி மாற்றியிருப்பீர்கள். இன்ஜின் கொதித்தாலும் பரவாயில்லை, இவள் கண் முன்னால் மட்டும் வண்டியைத் திறக்கக் கூடாது என்று பயப்பட ஒரே ஒருத்திக்காகத்தான் முடியும். அப்படியா? நான் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறேனா?

ஜெனிட்டா கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது, கொடைக்கானல் மாதா கோயிலுக்கு நீங்களும் நானுமாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம் என்று நேர்ந்துகொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து தள்ளித் தள்ளிப் போட்டேன். நீங்கள் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த நேர்ச்சைக்காகத்தானா இந்த ஜெட்? சொல்லியிருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தீர்களா?

முழுவதும் நம்பிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். ஏற்காட்டிலும் குளிர்கிறது, அங்கேயும் ஜனங்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். அரிசி களையும்போது நம்புகிறேன், விளக்கை அணைக்கும்போது நம்பவில்லை.

அன்றைக்குப் பட்டறையில், "என்னக்கா முடிவு? ஊர் ஜெட்டப் போட்டுடட்டுமா? மலை ஜெட்டத் தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று சலீம் பாய் கேட்டார். அந்தோணி சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஊர் ஜெட்டை மாட்டச் சொன்னேன். சாவியை ஜெனிட்டாவிடம் கொடுத்தேன். மலை ஜெட்டை வாங்கி என் ஜெபமாலைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் துண்டு. திறக்கும்போதெல்லாம் பெட்ரோல் வாசம் வருகிறது. அந்தோணி இந்த ஞாயிறு வீட்டுக்கு வரவில்லை. கூட வர வேறு யாரும் வேண்டாம், மழை விட்டதும் நானும் மகளும் மட்டும் கிளம்புகிறோம். ஜெட் மாற்றுவதை அவள் சலீம் பாயிடம் கற்றுக்கொள்கிறாள். நான் முக்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வத்தலக்குண்டில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அவள் கார்புரேட்டரைத் திறப்பாள். நான் பக்கத்தில் நின்று ஜெட்டை எடுத்துக் கொடுப்பேன். திருப்பு வீட்டுக்கு என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் பின்னால் உட்கார வேண்டியவள் நான்தானே? எந்த விதமாகவாவது சொல்லுங்கள், ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.

உங்கள் மனைவி,
ஜெனிட்டாவின் அம்மா
சகாயமேரி