இரண்டு ஆமைக்கும் ஒரே கிருமி

வியாழக்கிழமை. வட்டகொடை. விடாத மழை.

மகள் வளர்த்த இரண்டு ஆமைகளில் சளி பிடித்திருந்த ஒன்று நேற்று செத்துவிட்டது. மற்றதுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து, போன வாரம் நான்தான் சளி பிடித்ததைத் தனியாக விறகுக் கொட்டிலில் வைத்தேன். இரண்டின் மூக்குச் சளியையும் சோதனைக்கு எடுத்துப்போன மிருக டாக்டர் இன்று போன் பண்ணினார்.

"ரெண்டுலயும் ஒரே கிருமிதாங்க டீச்சர். நல்லா இருக்கறதுக்குள்ளயும் அது இருக்கு. குளிருதான் செத்தத சாய்ச்சிருச்சு."

பக்கத்தில் நின்ற மகளுக்கும் அது கேட்டது.

"அப்ப அதத் தனியா போட்டிருக்க வேணாமாம்மா?"

"தெரியாமத்தானே செஞ்சோம்" என்றேன். அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

முந்தாநாள் விறகெடுக்கப் போனபோது அது விசில் போல மூச்சிழுத்தது எனக்குக் கேட்டது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.