பூந்தண்டில் ஒரு கன்று

மே 14, செவ்வாய்

கத்திரி வெயில். அரக்கோணம் ரயில் இருபது நிமிடம் தாமதம். அலுவலகத்தில் யாரோடும் பேசவில்லை. பேச வேண்டியும் வரவில்லை.

ஆர்க்கிட்: பூந்தண்டின் நுனியில் ஐந்து மொட்டு. கீழ்க் கணுவில் இருப்பது மொட்டு இல்லை. இரண்டு பொடி இலை. குட்டிச் செடியேதான். பி.எஸ்சி. தாவரவியலில் ஒரே ஒரு வரியாகப் படித்தது. கண்ணால் பார்ப்பது இப்போதுதான். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நொடிதான். அவள் போய் வருடம் திரும்பப் போகிறது.

அக்கா சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வாங்கி வந்த தொட்டி.

ஜூன் 23, ஞாயிறு

துணி ஊறப்போட்டது, தலைக்குக் குளித்தது. அக்காவின் முதல் வருடத் திதி போன வாரம் முடிந்தது.

தாய்ச்செடியின் நடுக்குருத்து அழுகிவிட்டது. தொட்டதும் இலை கையோடு வந்தது. காரணம் தெரியும். அம்மா தினமும் குளித்துவிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அதன் உச்சியில் ஊற்றுகிறாள், துளசிக்கு ஊற்றுவதுபோல. ஊற்றும்போது அக்காவின் பேரைச் சொல்லி மெதுவாக ஏதோ பேசுவாள். குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. தொட்டியை உயரமான ஜன்னலுக்கு மாற்றினேன். "வெளிச்சம் வேணும்மா" என்றேன்.

தாய் இனி வளராது. சில மாதம் தாங்கும். குட்டிதான் மிச்சம். அதன் வேர் அரை விரல் நீளம் வரும்வரை தண்டை வெட்டக் கூடாது.

பக்கத்து வீட்டு சரோஜா அத்தை: "இன்னாடி, செடிய ஸ்கேல் வெச்சு அளந்துகினு கீற? அதுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

சிரித்தேன். ஸ்கேலை உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

மழை, பத்து நிமிடம். ஐந்தும் மலர்ந்துவிட்டன. ஊதா. குட்டி: இலை 3, வேர் 2. நீளம் 1 செ.மீ.

ஆடிக் கிருத்திகைக்கு நைனா புஷ்பக் காவடி எடுக்கிறார். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வேண்டிக்கொண்டது. போன ஆடியில் துக்க வருடம், எங்கள் ஊர் முருகன் மலை ஏறக் கூடாது. அதனால் இந்த ஆடி.

சரோஜா அத்தை வாசலில் நின்றபடியே கேட்டாள்: "பொண்ணே இல்லன்னு ஆயிடுச்சு. இன்னும் இன்னாத்துக்குண்ணா வேண்டுதலு?"

"அவ இல்ல. நான் குடுத்த வார்த்த கீதே," என்றார் நைனா.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 27, சனி

ஊர் முழுக்க மஞ்சள் துணி. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்துகிறார்கள். வேர் 2 செ.மீ. இன்னும் ஒரு மாதம் போதும்.

குட்டியைப் பற்றி நைனாவிடம் சொல்லிவிட நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் அம்மா. தாய்ச்செடிக்கு என்ன ஆச்சு என்று கேட்பாள். நாளைக்கு.

ஜூலை 28, ஞாயிறு

வாங்க: சம்பங்கி, அரளி, நார், கற்பூரம், மஞ்சள் துண்டு.

கூட்டத்தில் பஜார் போய் வர இரண்டு மணி நேரம். வந்தபோது காவடி பாதி கட்டியாகிவிட்டது. வளைவின் நடுவில் ஐந்து ஊதாப் பூ. அதற்குக் கீழே குட்டி. நாரால் இறுக்கிக் கட்டியதில் ஒரு வேர் நசுங்கியிருந்தது.

"அவ பூவு. அவ பேரால மேல போவட்டும்னு அறுத்தேன்," என்றார் நைனா. "எலையோட லட்சணமா கீது, இல்ல?"

நசுங்கிய வேரையே பார்த்தேன்.

"மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிகினு கீற? வாழத்தார வெட்டினா அடியில கன்னு வரல? இதுக்கும் வரும்."

முப்பது வருடமாக வாழை வைக்கிறவர். தண்டின் மேலேயே கன்று வரும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? வீட்டில் செடியைப் பற்றிப் படித்தவள் நான் ஒருத்திதான்.

ஜூலை 29, திங்கள்

விடுப்பு. மேகம், காற்று இல்லை. சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு எட்டு மணிக்குப் படி ஏறினோம். நைனா முன்னால். ஒரு படி பின்னால் நானும் அம்மாவும். குட்டி என் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டே வந்தது. இலை ஒன்று துவண்டிருந்தது. இப்போது எடுத்து ஈரத்துணியில் சுற்றினால்கூடப் பிழைக்கலாம். கையைத் தூக்கினேன். நைனா அக்காவின் பேரைச் சொல்லி அரோகரா போட்டார். கையை இறக்கிவிட்டேன்.

பின்னால் யாரோ: "ஏறும்மா, நின்னுகினே இருந்தா நாங்க எப்ப போறது?"

மேலே காவடிப் பூக்களை ஒரு குவியலில் போடச் சொன்னார்கள். நைனா ஊதாத் தண்டைத் தனியாக அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, கடைசியாகப் போட்டார். அடுத்தவரின் சாமந்தி அதன்மேல் விழுந்து மூடியது.

இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்தோம். நைனா அம்மாவிடம் கால் வலிக்கிறதா என்று கேட்டார். இந்த ஒரு வருடத்தில் அவர்கள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

பிறகு என்னிடம், "அடுத்த ஆடிக்கும் பூக்குமில்ல அந்தச் செடி?"

அம்மாவும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"பூக்கும் நைனா," என்றேன்.