பெயர் மட்டும் இருந்த ஃபைல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

தப்பு என்னுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் பழைய நெகட்டிவ்களை எங்கள் ராஜபாளையம் ஆபீசில் ஸ்கேன் செய்கிறோம். எங்கள் வெப்சைட்டில் தேடினால் சரியாக வருகிறதா என்று பார்க்க, படம் எடுத்துக்கொண்டவர்களை எழுதிவைத்த ஸ்டூடியோ ரெஜிஸ்டரிலிருந்து கொஞ்சம் பெயர்களை எடுத்து டம்மி ஃபைல்கள் போட்டிருந்தேன். உள்ளே படம் கிடையாது, வெறும் சாம்பல் கட்டம்தான். வெப்சைட்டை எல்லோருக்கும் திறந்துவிடும்போது அவற்றை அழிக்க மறந்துவிட்டேன்.

இன்று வத்திராயிருப்பிலிருந்து பேச்சியம்மாள் என்றொரு அக்கா பஸ் பிடித்து வந்தார். இறந்துபோன கணவரின் பெயர் வெப்சைட்டில் இருப்பதை மகள் போனில் பார்த்தாளாம். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லையாம். அந்த ஃபைலைத் திறந்து காட்டினேன்; அதே சாம்பல் கட்டம்.

"அவியளக் காணோமே தாயி?"

"ஃபைல் கெட்டுப்போச்சுக்கா" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"மிஷின் செஞ்சதுக்கு நீ என்ன செய்வ" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை. போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அந்தப் படத்தை நாங்கள் ஸ்கேன் செய்யவே இல்லை, ரெஜிஸ்டரில் பெயர் மட்டும்தான் இருந்தது, நெகட்டிவ் கிடைக்குமா என்றும் தெரியாது என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.



"அப்போ அவிய ஸ்டூடியோவுக்குப் போயிருக்காவ" என்றார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே."

தேடி எடுத்துத் தருகிறேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மறுபடியும் ஏமாற்றிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.