சந்தனம் பூசிய பிரெஞ்சுக்காரர்

மைனி,

நேற்று மச்சைக் காலி செய்யும்போது உங்கள் பிரெஞ்சுக்காரர் கிடைத்தார். பழைய பாய்ச்சுருட்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். தூசியைத் துடைத்தேன். தொப்பை அப்படியே இருக்கிறது, உயரத் தொப்பியும் அப்படியே இருக்கிறது. தொப்பிக்குக் கீழே, நெற்றி இருக்கும் இடத்தில், படத்தின் கண்ணாடி மேல் சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் இன்னும் லேசாக வாசனை வருகிறது. வீட்டை வாங்க வந்தவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, தாத்தா படமா?" என்று கேட்டார். வெட்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுக் காரைக்காலிலிருந்து நீங்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது, கட்டில் பீரோவோடு சீர் சாமான்களில் இந்தப் படங்களும் இறங்கின. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் உங்கள் அப்பா எடுத்தவை. கல்லச்சில் அடித்த கறுப்பு வெள்ளைப் படங்கள், கீழே பிரெஞ்சில் ஒரு வரி. தொப்பைக்காரர் ஒரு மாதாகோவில் படியில் நின்று குருட்டுக் கிழவி ஒருத்திக்குக் காசு போடுவார். என் ஐயா அதைப் பார்த்ததும் மயங்கிவிட்டார்.

"பாத்தியாளா, எப்பேர்ப்பட்ட தருமவான்! சிவகாசி காலண்டர்ல இப்படி ஒரு முகம் வருமா?"

தாம் உட்காரும் நாற்காலிக்கு மேலேயே ஆணி அடித்து மாட்டச் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம், சாம்பிராணி. கோயில் கொடை விழாவுக்கு நன்கொடை கேட்டு வருபவர்களிடம் அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார். இன்னொரு படத்தில் வழக்கு நடக்கும்போதே ஒரு நீதிபதி வாயைப் பிளந்து தூங்குவார். "தீர்ப்பு யோசிக்காரு" என்றார் ஐயா.

ஒரு மத்தியானம் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று உங்களிடம் கேட்டேன். புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தீர்கள்.

"அது தருமவான் இல்லடி, கேலிப்படம். அந்த ஊர்ப் பெரிய மனுஷங்களைக் கிண்டல் பண்ணி அச்சடிச்சுத் தெருவுல வித்திருக்காங்க. அவர் கண்ணைப் பாரு, கிழவியையா பார்க்குது? அந்தப் பக்கம் வண்டியில போற பொம்பளைங்களைப் பார்க்குது. காசு கிழவி கையில விழலை, மண்ணுல விழுது. 'பார்த்தீர்களா சீமாட்டிகளே, பார்க்கவில்லையென்றால் இன்னொரு முறை கொடுக்கிறேன்'னு போட்டிருக்கு."

நானும் சிரித்தேன். அப்புறம் நீங்கள் சொன்னீர்கள்: "ஐயாகிட்ட சொல்லிடாதே. ஆசையா மாட்டியிருக்காரு. முகம் வாடிப்போயிடும்." அவரைக் காப்பாற்றத்தான் நினைத்தீர்கள். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இராது. நம் அளத்துப் பெண்களை வாசலுக்கு வரவழைத்து ஆளுக்கொரு சேலை கொடுப்பது, அதைப் போட்டோ எடுத்துக்கொள்வது. ஸ்டுடியோக்காரரிடம் பிரெஞ்சுக்காரரைக் காட்டி, "இவரு நிக்க மாதிரியே நான் நிக்கணும், கேட்டியா" என்றார். அதே பெண்கள் கோடையில், குடிக்க ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள் என்று கேட்டதற்கு, "ஏளா, உங்க வீட்ல பானை இல்லியா?" என்று விரட்டியவரும் அவர்தான்.

உங்கள் அப்பா காலமாகி, வீடு நொடித்துப்போய், உங்கள் அம்மா உங்களைப் பார்க்க வந்திருந்த நேரம் அது. சம்பந்தியம்மாவுக்கென்று நூல் சேலை ஒன்றை ஐயா தனியாகத்தான் எடுத்து வைத்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கோடு உள்ளே வைத்துக் கொடுத்திருந்தால் அது மரியாதை. ஆனால் கேமராவைக் கண்டதும் அளத்துப் பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். முகம் தெரிகிற மாதிரி ஓர் ஆள் முன்னால் வேண்டும் என்றார் ஸ்டுடியோக்காரர்.

"சம்பந்தியம்மா, சித்த இங்கன வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார் ஐயா.

அவர்களும் மறுக்கத் தெரியாமல் வந்து நின்றார்கள். ஐயா சேலையைக் கொடுத்தார். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, பிளாஷ் எரியல. இன்னொரு தடவ."

ஐயா கொஞ்சமும் தயங்கவில்லை. உங்கள் அம்மாவின் கையிலிருந்த சேலையை வாங்கி, மறுபடியும் கொடுத்தார். இந்தமுறை பிளாஷ் எரிந்தது.

நீங்கள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். குரலை உயர்த்தவேயில்லை. "மாமா, அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்குன்னு ஒருநாளும் கேட்கலையே" என்று ஆரம்பித்து, முதலில் பிரெஞ்சிலும் பிறகு தமிழிலும் சொன்னீர்கள். ஐயா என்னைப் பார்த்து, "இவ என்னளா சொல்லுதா?" என்றார். நான் ஒன்றும் விளங்காதவள் மாதிரி ஸ்டுடியோக்காரரைப் பார்த்தேன். உங்கள் அம்மாதான், "பேசாம இரு கண்ணு" என்று உங்களை அடக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற அளத்துப் பெண்ணின் கையில் அந்தச் சேலையை வைத்தார்கள். "நீ உடுத்திக்கம்மா. நான் பொண்ணைப் பார்க்கத்தான் வந்தேன்."

அன்று சாயங்காலமே நீங்கள் இருவரும் பஸ் ஏறினீர்கள். அண்ணன் சில நாள் இங்கே முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, அவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு காரைக்காலுக்கே வந்துவிட்டார்.

இங்கே பிரெஞ்சுக்காரர் இறங்கினார், அதே ஆணியில் ஐயா ஏறினார். போட்டோவில் உங்கள் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதை நிமிர்ந்து பார்த்து, "முன்னால நிக்க அம்மா யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார்கள்.

"நம்ம அளத்துல வேல பாக்குதவ" என்றார் ஐயா.

நான் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். வந்தவர்கள் ஐயாவின் தரும குணத்தை மெச்சினார்கள். அந்த மெச்சலில்தான் என் கல்யாணம் நிச்சயமானது, மைனி. இதை உங்களிடம் நான் சொன்னதேயில்லை.

அதற்குப் பிறகு காரைக்காலுக்கு வந்தபோதெல்லாம் நீங்கள் எனக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தீர்கள். உங்கள் அம்மா, இருந்தவரைக்கும், தட்டில் சேலை வைத்துத்தான் என்னை வழியனுப்பினார்கள். நான் தலையைக் குனிந்தபடியே வாங்கிக்கொள்வேன். என்ன பெண் இவ்வளவு அடக்கம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அடக்கமெல்லாம் இல்லை.

போன மாதம் தகவல் வந்து நான் ஓடிவந்தபோது உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி போட உங்கள் பக்கம் ஒருவரும் மிஞ்சவில்லை. முறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீயே போடு என்று அண்ணன் கெஞ்சினார். இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று வழியில் நானே பார்த்து எடுத்து வந்த சேலை. பிரித்து, உங்கள் காலிலிருந்து போர்த்திக்கொண்டே மேலே வந்தேன். பாரிஸிலிருந்து வர முடியாத உங்கள் மகளுக்காக மருமகள் போனில் காட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

"அத்தை, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க, உங்க முகம் தெரியலை" என்றாள்.

நான் திரும்பினேன். திரும்பியதோடு நிற்கவில்லை, மைனி. என் கை தானாக எழுந்து என் முந்தானையைச் சரிசெய்தது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியது. சேலை உங்கள் மேல் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தது. அண்ணன்தான் குனிந்து அதை எடுத்து உங்கள் தோள்வரைக்கும் இழுத்துப் போர்த்தினார். நான் மறுபடி உங்கள் பக்கம் திரும்பியபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.