நூலால் கட்டிய இறக்கை

கல்கத்தா, பவானிபூர்
மாசி மாதம், 1909

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ செய்து விட்டுப்போன சின்னப் பறக்கும் யந்திரத்தின் இரண்டு மூங்கில் இறக்கைகளும் தண்டோடு சேரும் அடியில் முறிந்திருந்ததைத்தான் காலையில் முதலில் பார்த்தேன். யாரோ கல்யாண அண்டாவை அதன்மேல் வைத்துவிட்டார்கள்.

முறிந்த இடங்களை நூலால் கட்டினேன். எவ்வளவு இழுத்துக் கட்டியும் இறக்கைகள் மேலும் கீழும் ஆடின. மொட்டைமாடியில் நல்ல காற்று. இப்படிக் காற்றடித்தால் அது ஒருபக்கமாகச் சாய்ந்து விழும். அதற்காகத்தானே நீ இறக்கைகளை அசையவிடாமல் கம்பி சுற்றி இறுக்கிக்கொண்டே போனாய்? இன்று அதன் தண்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி மேலே விட்டேன். அண்ணா, அது சாயவில்லை. காற்றின் வேகத்தை இறக்கைகளே ஆடி வாங்கிக்கொண்டன போலும். தண்டு நேராக மேலே போயிற்று.

பக்கத்து மாடி வங்காளி மன்னி, நம் பௌதி, கைதட்டி, "ஓ மா! தாதாவுக்கு எழுது!" என்றாள்; உன்னைத்தான் தாதா என்கிறாள்.

கீழிருந்து அப்பா, "ஆகாசத்தைப் பார்த்தது போறும். தஞ்சாவூர்க்காரா வரச்சே தலையைக் குனிஞ்சுண்டு நிக்கணும், பழகிக்கோ" என்றார்.

அந்தத் தஞ்சாவூர் மாப்பிள்ளையின் மூத்த தாரத்துப் பெண்ணுக்கு என் வயதாம். அப்பாவிடம் பேசி இதை நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நீ ரங்கூனுக்குக் கப்பலேறினாய். என் இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. இது உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்துவிடும். அதனால் வரச்சொல்லி எழுதவில்லை. இனிமேல் செய்தால் இறக்கைகளைத் தளர்வாகக் கட்டு.

யந்திரத்தை உன் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினேன்.

உன் தங்கை