வண்டிக்குப் பின்னால் ஓடிய மாமன்

என்னைப் பெற்று ஆளாக்கிய வள்ளிக்கு,

எணை அம்மா, எழுத்து எனக்கு இன்னும் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் பேத்தி எழுதுகிறாள். உனக்கு ஒரு நல்ல செய்தி. உன் அண்ணன் பொன்னனின் மகன் கிடைத்துவிட்டார். இங்கேதான், சுவிஸில். எங்கள் ஷ்லீரனிலிருந்து ரயிலேறினால் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் அவர் வீடு.

வாசிப்பவர்களுக்கும் தெரியட்டும். உனக்குப் பன்னிரண்டு வயதில், நம் குடும்பம் அடிமைப்பட்டிருந்த வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம் நடந்தது. அண்டாவும் குத்துவிளக்கும் ஏற்றிய மாட்டுவண்டியில், சீதனத்தோடு சீதனமாக உன்னையும் ஏற்றினார்கள். உன் தாயிடம் எவரும் கேட்கவில்லை. சட்டத்தில் அடிமை முறை அதற்கு வெகுகாலம் முன்பே ஒழிந்துவிட்டதாம். உன் பேத்தி படித்துச் சொல்கிறாள். அந்தச் செய்தி நம் குடிசைக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை?

புது ஊரில் உன்னை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதையும் மாப்பிள்ளை வீட்டுக்காரரே தீர்மானித்தார். நான் பிறந்தபோது வந்து பார்த்து, "எங்களுக்கு ஒரு வேலையாள் கிடைச்சிட்டான்" என்றாராம். அவர் படலை தாண்டும்வரை பொறுத்திருந்து, என் காதில் சொன்னாயாமே: "நீ ஒருத்தற்றை ஆளுமில்லை, என்ரை மோன்." உன் தாய் செத்த செய்தி எட்டாம் நாள் சடங்கு, எட்டுச்செலவும் முடிந்த பிறகுதான் உனக்கு வந்தது. அன்றும் வேலைக்குப் போனாய். ஆனால் பிறந்த வீட்டு ஆட்களின் பேரை ஒருநாளும் விடாமல் எனக்குச் சொல்லித் தந்தாய்.

அப்படிப்பட்டவளின் மகன் இங்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? ஊரை மாற்றிச் சொன்னேன். ஞாயிறுகளில் கோயில் குசினியில் காய் வெட்டப் போவேன். நான் யார் என்று தெரிந்தால் என் கை பட்ட கறியைச் சாப்பிடுவார்களோ என்ற பயம். எதிரே இருந்து வெட்டும் இராசையாவும் ஏதோ ஒரு ஊர் சொன்னார். பதினொரு வருடம் முகத்துக்கு முகம் இருந்து பொய் சொன்னோம்.

போன மாதம் உன் திவசம். அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த ஒருவர், "அண்ணை எவடம்?" என்று கேட்டார். உன் நாளில் எனக்குப் பொய் வாயில் வரவில்லை.

"அம்மா தீவுப் பக்கம். சீதனத்தோடை அடிமையாய்க் குடுத்து விட்டவை. தமையன் வண்டிக்குப் பின்னாலை ஓடினவராம்."

இராசையாவின் கத்தி நின்றது.

"ஊர்க் கோடித் தரவை வெளிவரைக்கும் ஓடினவர்," என்றார். "காலிலை முள்ளு ஏறி, சாகுமட்டும் நொண்டினவர். அது என்ரை ஐயா."

"பேர்?"

"பொன்னன். நொண்டி எண்டு ஆரும் பழிச்சால், 'இது தங்கச்சிக்காக ஓடின கால்' எண்டு நெஞ்சை நிமித்துவார்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "மச்சான், பதினொரு வரியமாய் எனக்கு வெங்காயம் வெட்டத் தெரியாதெண்டு பேசினது நீரோ?"

சமையலுக்குப் பொறுப்பான அக்கா அகப்பையோடு வந்து நின்றாள். "ரெண்டு பேரும் அழுறதெண்டால் அந்த வெங்காயத்தை எடுங்கோ. பூசணிக்காயை நனைக்காதேங்கோ!"

அன்று பந்தியில் பாதியில் இலையை மடித்து எழுந்தவர் ஒருவருமில்லை. ஊர் கேட்டவர் என் பூசணிக்காய்க் கறியை இரண்டாந்தரமும் வாங்கினார்.

நீ எனக்குச் சொன்ன பேர்களும் மாமா தன் பிள்ளைகளுக்குச் சொன்ன பேர்களும் ஒன்றுகூடப் பிசகவில்லை, அம்மா. இரண்டு வீட்டிலும் எழுதிவைக்க ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. மாமா தன் மூத்த மகளுக்கு வள்ளி என்றே பேர் வைத்திருக்கிறார். உனக்கு அது தெரிந்திருக்குமோ?

இனி எவர் ஊர் கேட்டாலும், நீ பிறந்த ஊரையும் உன்னைக் கொடுத்த ஊரையும் சேர்த்தே சொல்வேன். தலை குனியாமல் சொல்வேன். இது வாக்கு.

உன் மகனும்
இராசையாவின் மச்சானுமாகிய
கதிரன்